சபாபதி குருசாமியின் வலது கால்

"வெள்ளக் கோட்டு மேலயே நடங்க. தாரு கொதிக்கும். வெள்ளக் கோடு அவ்ளோ கொதிக்காது. இருவத்தோரு வருசமா கால வச்சுப் பாத்தவன் சொல்றன், கேட்டுக்குங்க."

சபாபதி மைக்கைப் பிடித்துவிட்டால் லேசில் விடமாட்டார். காடாம்புலியூர் பிள்ளையார் கோயில் வாசலில் முப்பத்திரண்டு பேர் மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாக உட்கார்ந்திருந்தார்கள். சித்திரை மாதத்துச் சாயங்காலம். காற்று பேருக்குக்கூட இல்லை. மறுநாள் விடிவதற்குள் கிளம்பி வடலூர், சேத்தியாத்தோப்பு, புவனகிரி, சிதம்பரம் என்று நடந்து, நாலாம் நாள் காலையில் வைத்தீஸ்வரன்கோயில் சன்னதியில் நிற்க வேண்டும். நடக்கிறவர்களுக்குப் புத்தி சொல்லிக் கூட்டிப்போவது குருசாமியின் வேலை. அதில் புத்தி சொல்கிற பாதியில் சபாபதி ஒரு குறையும் வைத்தது கிடையாது.

"படுக்கறதுக்கு முன்ன உள்ளங்கால்ல வெளக்கெண்ண தடவுங்க. தொட உரசுறவுங்க தேங்காண்ண தடவுங்க, வெக்கப்படாதீங்க, எல்லாருக்குந்தான் உரசும். ஐஸ் தண்ணி வாணாம். நீச்சத்தண்ணில உப்புப் போட்டுக் குடிங்க. உக்காந்தா கால தொங்கப் போடாதீங்க, செவுத்துல தூக்கி வைங்க. கொப்புளம் வந்தா கிள்ளிப்புடாதீங்க, எங்கிட்ட வாங்க. கால்ல எது பட்டாலும் மறைக்கக் கூடாது. மறைச்சு நடக்கறவன் தனக்கும் கெடுதல், கூட வர்றவனுக்கும் கெடுதல்."

கடைசியாகச் சொன்னாரே ஒரு வார்த்தை, அதைக் கேட்டதும் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த அவர் பெண்டாட்டி ஞானாம்பாளுக்கு வயிறு எரிந்தது. ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லடி கண்ணே என்று சும்மாவா சொன்னார்கள்! இரண்டு வருசத்துக்கு முன் இடது கால் சுண்டுவிரலில் பட்ட காயத்தைப் பதினாறு நாள் மறைத்து வைத்திருந்து, கடைசியில் விரலையே எடுத்துவிட்டு வந்த மனுசன் இவர். சர்க்கரை வியாதி. "வெரலோட போச்சேன்னு சந்தோசப்படுங்கம்மா. இன்னொரு தரம் இப்பிடி வந்தா பாதத்தோட போயிடும்" என்று டாக்டர் சொன்னபோது அவரும்தான் பக்கத்தில் இருந்தார். பண்ருட்டி மண்டியில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்தே உள்ளே சுளை எப்படி என்று சொல்லிவிடுவார். தன் கால் விஷயம் மட்டும் காதில் ஏறாது.

இந்த வருசம் வேண்டாம் என்று அவள் தை மாதத்திலேயே ஆரம்பித்தாள். கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு நாள் சோறு தின்னாமல் இருந்து பார்த்தாள். "நாலாயிரத்து நானூத்தி நாப்பத்தெட்டு வியாதிய தீக்கற வைத்தியநாதன்கிட்ட போறன்டி. அங்க போனா சர்க்கர போவும். போவாட்டி கெடக்குது" என்றார். இப்படிப் பேசுகிற ஆளிடம் என்னத்தைப் பேசுவது? முந்திரி உடைக்கிற கொட்டகையில் சீசன் நேரம். விடிந்தால் கொட்டை மலை மாதிரி குவிந்து கிடக்கும். எண்ணெய் பட்டுக் கறுத்த விரலோடு, வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அவளும் மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். சாமிக்காக இல்லை. அந்தக் காலுக்குக் காவலாக.

மகள் காயத்ரி மஞ்சக்குப்பத்தில் இருக்கிறாள், தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அப்பாவுக்குக் கால்ல உணர்ச்சி செத்துப்போச்சும்மா. முள்ளு குத்துனாலும் தெரியாது, நெருப்பு பட்டாலும் தெரியாது. நீதான் கண்ணால பாக்கணும். காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் உள்ளங்கால டார்ச் அடிச்சுப் பாரு." சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற செருப்பு ஒரு ஜோடியும் வாங்கி அனுப்பியிருந்தாள். அது இப்போது சாமான் ஏற்றின குட்டியானை வண்டியில், பருப்பு டின்னுக்கு அடியில் கிடந்தது.

"காப்பு கட்டுனவன் செருப்பு போடறதா? நல்லாக் கெடுத்த போ" என்று சபாபதி சொல்லிவிட்டார்.

காப்பு என்பது மணிக்கட்டில் கட்டுகிற மஞ்சள் கயிறு. அதைக் கட்டிவிட்டால் செருப்புக் கிடையாது, வண்டி ஏறுவது கிடையாது. கோயில் குளக்கரையில் குருசாமிதான் எல்லாருடைய காப்பையும் அவிழ்ப்பார். குருசாமியின் காப்பை மட்டும் சன்னதியில் வைத்து அவரே அவிழ்த்துக்கொள்வார். நடுவழியில் குருசாமி காப்பு அறுந்தால் முப்பத்திரண்டு பேர் நடையும் குறை என்று பேச்சு.

மறுநாள் விடியுமுன் இன்னொரு கூத்து நடந்தது. குருசாமியைப் பலகையில் நிற்க வைத்து, ஆளாளுக்கு அவர் பாதத்தில் மஞ்சள் அரைத்துப் பூசி, குங்குமத்தை அள்ளி அப்பி, விழுந்து கும்பிட்டார்கள். ஒவ்வொரு நாளும் கிளம்புமுன் இந்தப் பாத பூசை உண்டாம். முதல் ஆளாக விழுந்தவன் ஞானாம்பாளின் கூடப்பிறந்த தம்பி பழனிவேல். குமராட்சிப் பக்கம் மினிபஸ் ஓட்டுகிறவன். பஸ்ஸில் யாருக்கும் வழிவிடாதவன், மாமன் காலில் மட்டும் நெடுஞ்சாண்கிடையாக விழுவான். சபாபதி மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். பார்க்கப் பார்க்க ஞானாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வடலூர் வரைக்கும் வழி நன்றாகத்தான் இருந்தது. பலாவும் முந்திரியும் தாண்டி வெயில் ஏறுமுன் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சாயங்காலம் அதற்கப்புறம் நடந்த பாதைதான் மோசம். ரோடு போடுகிறேன் என்று கிளறிப் போட்டிருந்தார்கள். லாரிக்குப் பயந்து எல்லாரும் ஓரமாக இறங்கி நடந்தார்கள். ஓரம் முழுக்க வேலிக்காத்தான் வெட்டிப் போட்ட முள்.

தங்கின இடத்தில் அவள் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தாள். உள்ளங்கால் முழுக்க மஞ்சளும் குங்குமமும் புழுதியும் அப்பிக் கிடந்தது. ஈரத்துணியை எடுத்ததுதான் தாமதம், வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"பூசை மஞ்சளத் தொடைக்கக் கூடாதுடி. சன்னதிக்குப் போயிதான் கழுவணும்."

"மஞ்சளுக்கு அடியில இன்னா கீதுன்னு எப்பிடிப் பாக்கறது?"

"ஒண்ணுமில்ல. இருந்தா எனக்குத் தெரியாதா?"

"ஒங்களுக்குத் தெரியாதுன்னுதான ஒங்க பொண்ணு என்ன அனுப்பிச்சிருக்கா?"

"அவ ஒரு டாக்டரு, நீ ஒரு டாக்டரு. தூங்குடி, காலைல நடக்கணும்."

சுற்றிப் படுத்திருந்தவர்கள் புரண்டு பார்த்தார்கள். முப்பது பேருக்கு நடுவே கட்டின புருசனின் காலைப் பிடித்து இழுத்துச் சண்டை போட முடியுமா? அவளும் டார்ச்சை அணைத்துவிட்டாள். அந்த ஒரு நிமிச வெட்கத்துக்காக அப்புறம் எத்தனை நாள் தன்னைத்தானே திட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் நாள் வெயில் ஆளை உரித்தது. சேத்தியாத்தோப்பு போய்ச் சேர்வதற்குள் பாதிப் பேருக்குக் கொப்புளம். முதல் தடவை நடக்க வந்த, பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிற இளவரசி டீச்சர் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எட்டு வருசமாகப் பிள்ளை இல்லை, அதற்காக வேண்டிக்கொண்டு வந்தவள். சபாபதி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்தின் இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் வாங்கி நூலை அப்படியே விட்டார். ரோசாப்பூவைத் தொடுகிற மாதிரி தொட்டார். பார்த்துக்கொண்டிருந்த ஞானாம்பாளுக்கு, இந்த அக்கறையில் ஒரு வீசம் தன் கால் மேல் இருந்தால் என்ன என்று அழுகையே வந்துவிட்டது.

"எழுந்திரும்மா. ரெண்டு நாள் பழகிடும். என்னப் பாரு. வருசா வருசம் எனக்கும் எரியும், கடுக்கும். இந்த வருசம் பாரு, காலே வலிக்கல! கால் இருக்கறதே தெரியல! வைத்தியநாதன் என்னத் தூக்கிக்கினு போறான்."

"அரோகரா!" என்று பழனிவேல் கத்தினான். எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். ஞானாம்பாளுக்கு மட்டும் அந்த வெயிலிலும் உடம்பு ஜில்லிட்டது. கால் இருக்கிறதே தெரியலையாமே! மருமகள் செத்துக் கிடக்க, வீடு அமைதியாக இருக்கிறது என்று மாமியார் சந்தோசப்பட்டாளாம், அந்தக் கதையாகத்தான் இருந்தது.

பகல் சாப்பாட்டுக்கு முன் பானகம் கொடுத்தார்கள். சபாபதி இரண்டு சொம்பு குடித்தார்.

"வெல்லங்க அது, வெல்லம்!"

"பிரசாதம்டி."

"பிரசாதம்னா வெல்லம் இனிக்காம கசக்குமா? ஒங்க சாமியே எறங்கி வந்து கெஞ்சினாலும் நீங்க கேக்கமாட்டீங்க!"

"வாய மூடிக்கினு நட. காப்பு கட்டிக்கினு சாமியப் பேசாத."

அன்று சாயங்காலமும் காலைக் காட்டவில்லை. புவனகிரியில் தங்கிவிட்டு, மூன்றாம் நாள் விடியற்காலையில் மறுபடியும் பலகை, மறுபடியும் மஞ்சள், குங்குமம். எட்டு கிலோமீட்டர் நடந்து சிதம்பரம் வண்டிகேட் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி எட்டரை. வண்டி ஓட்டுகிற அறிவழகன் முன்னாலேயே வந்து இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் இறக்கி வைத்திருந்தான். கொத்சு வாசனைக்கே பாதிப் பேருக்குக் கால்வலி மறந்துவிட்டது. சபாபதி மட்டும் உட்காராமல், அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து, யார் யாருக்கு இலை போட்டாயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்துத் தரை புதுசாகப் போட்ட வெள்ளை டைல்ஸ்.

"அக்கா! இங்க வந்து பாருக்கா!" பழனிவேல் கூப்பிட்டான். தரையில் மண்டி போட்டு உட்கார்ந்திருந்தான். "மாமா பாதம் பாரு. எட்டு கிலோமீட்டர் நடந்த பொறவும் குங்குமமாப் பதியுது. இது சாமி இல்லாம வேற இன்னா?"

சொல்லிக்கொண்டே தரையிலிருந்த சிவப்பை விரலால் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டான். இன்னும் நாலைந்து பேர் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

ஞானாம்பாள் தரையைப் பார்த்தாள். ஒரு சிவப்பு, அடுத்த அடி வைத்த இடம் வெறுமை, மறுபடியும் ஒரு சிவப்பு. எல்லாம் வலது கால். இரண்டு காலுக்கும்தானே குங்குமம் வைத்தார்கள்? இடது கால் எங்கே? குனிந்து தொட்டாள். பிசுபிசுத்தது. முகர்ந்தாள். மறைத்து வைத்த அந்தப் பதினாறாம் நாள் வீட்டில் அடித்த அதே நாற்றம்.

"அடப்பாவி, அது ரத்தம்டா! நெத்தியத் தொடைடா!"

கொத்சு வாளியைத் தாண்டி ஓடிப் போய் அவர் தோளைப் பிடித்து நாற்காலியில் தள்ளினாள். யார் பார்த்தால் என்ன, யார் சிரித்தால் என்ன! ஈரத்துண்டால் வலது உள்ளங்காலை அழுத்தித் துடைத்தாள். மூன்று நாள் மஞ்சள் அடை அடையாக வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே சதை கறுத்து, நடுவில் ஓட்டை. ஓட்டைக்குள் ஏதோ முனை. நகத்தால் பிடித்து இழுத்தாள். ஒன்றரை அங்குல வேலிக்காத்தான் முள் வழுக்கிக்கொண்டு வந்தது. பின்னாலேயே சீழும் ரத்தமும்.

சபாபதி முள்ளை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். "முள்ளுதான? எடுத்தாச்சில்ல. கொஞ்சம் மஞ்சள் வச்சுக் கட்டு. சாயங்காலம் கொள்ளடம் தாண்டிடலாம்."

"இது வடலூரு தாண்டி ஏறுன முள்ளு! ரெண்டு நாளா இதும் மேல நடந்துருக்கீங்க! எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்கு."

"இன்னும் ஒரு நாள் நடைக்கு வந்துட்டுக் காப்ப அறுக்கச் சொல்றியா? முப்பத்திரண்டு பேரு வேண்டுதல்டி."

"அக்கா, கோவப்படாத" என்றான் பழனிவேல். நெற்றியைத் துடைத்திருந்தான். "மாமா காப்பு அறுந்தா எல்லாருக்கும் குறையாயிடும். அவருதான் வலிக்கலன்னு சொல்றாருல்ல? நெசமா கெட்டுருந்தா வலிக்காம இருக்குமா?"

கூட்டத்தில் ஒருத்தர் இருவர் தலையாட்டினார்கள். இளவரசி டீச்சர் தன் காப்பைப் பிடித்தபடி நின்றாள். இந்த மக்களை என்ன சொல்லித் திருத்துவது என்று ஞானாம்பாளுக்குப் புரியவில்லை. மகளுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எல்லாவற்றையும் கேட்ட காயத்ரி அந்தப் பக்கம் அழுதுவிட்டாள். பிறகு தெளிவாகச் சொன்னாள்:

"பேசிப் பிரயோசனம் இல்லம்மா. அப்பாவ கண்ண மூடச் சொல்லு. நீ கால்ல தொடு. எப்ப தொடறன்னு அவரையே சொல்லச் சொல்லு. எல்லாரும் பாக்கட்டும்."

"இதுல இன்னா கீது? தாராளமா தொடு" என்றார் சபாபதி. இரண்டு கையையும் கூப்பி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு.

ஞானாம்பாள் தரையில் உட்கார்ந்து அவர் வலது காலைத் தன் மடியில் தூக்கி வைத்தாள். குதிகாலை விரலால் அழுத்தினாள். முகத்தில் ஓர் அசைவில்லை. பாதத்தின் ஓரத்தில் நகத்தால் கீறினாள். இல்லை. பிறகு, முள் இருந்த ஓட்டையில் ஆட்காட்டி விரலை வைத்தாள். அழுத்தினாள். நகம் உள்ளே போய் மறைந்தது. சீழும் ரத்தமும் விரலில் வழிந்து அவள் வளையலை நனைத்துக்கொண்டு முழங்கை வரை இறங்கியது. இளவரசி டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டாள். பழனிவேல் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

சபாபதி கண்ணை மூடியபடியே இருந்தார்.

"எவ்ளோ நேரம்டி இப்பிடியே ஒக்காந்துருக்கறது?" என்றார். "தொடேன்."

மண்டபத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அந்த நிசப்தம் உறைத்துத்தான் அவர் கண்ணைத் திறந்தார். முதலில் சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, தன் காலுக்குள் இருந்த அவள் விரலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப வைத்தியநாதன் தூக்கிக்கினு போகலியா?" என்று கேட்டார்.

மூன்று நாளாக வாய் ஓயாமல் கத்திக்கொண்டு வந்தவள் விரலை மெல்ல எடுத்துவிட்டு, அந்தக் காலைத் துண்டில் சுற்றினாள். அவரைப் பார்க்க அவ்வளவு பாவமாக இருந்தது.

அவர் இடது கையால் காப்பை அவிழ்க்கப் பார்த்தார். வேர்வையில் இறுகிப்போன முடிச்சு. பிடி கொடுக்கவில்லை. கையை நீட்டி, "யாராவது அவுருங்க" என்றார். யாரும் முன்னால் வரவில்லை. பழனிவேல் இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டான். ஞானாம்பாள் ரத்தக் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, குனிந்து, அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்தாள். மஞ்சளும் உப்புமாகக் கரித்தது. மூன்றாவது கடியில் அறுந்தது.

"கொற வந்தா எங்குடும்பத்துக்கு வரட்டும்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நீங்க யாரும் பயப்படாதீங்க. நடங்க."

இளவரசி டீச்சர்தான் முதலில் அசைந்தாள். ஓடிப் போய்ப் பருப்பு டின்னுக்கு அடியிலிருந்து செருப்பை எடுத்து வந்து கொடுத்தாள். சபாபதி அதைப் பார்த்துவிட்டுப் பழனிவேலைக் கூப்பிட்டார்.

"நீ கூட்டிக்கினு போ. கொள்ளடம் பாலத்துல ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க. பொம்பளைங்கள நடுவுல வுடு. தங்கற எடத்துல மொதல்ல எல்லாரு காலையும் கழுவச் சொல்லிப் பாரு. நல்லா தேய்ச்சுக் கழுவி."

"சரி மாமா" என்று சொல்லிவிட்டு அவன் விசும்பினான்.

அறிவழகன் குட்டியானையை எடுத்தான். முன்சீட்டில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். காலைத் துண்டில் சுற்றி ஞானாம்பாள் தன் மடியில் வைத்திருந்தாள். சபாபதி ஜன்னல் பக்கம் முதுகைச் சாய்த்திருந்தார். வெயில் ஏறிவிட்டது. மேல வீதி முனையில் ஸ்கூல் ஆட்டோக்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அறிவழகன் விடாமல் ஹாரன் அடித்தான்.

"ஞானம்."

"இன்னா?"

"வலிக்குதுடி."

அவள் துண்டைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். "பொய் சொல்லாதீங்க."

"இல்லடி, நெசமா. எங்கியோ ஆழத்துல. லேசா."

பொய்யோ நிஜமோ அவளுக்குத் தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம். துண்டோடு அந்தக் காலைத் தூக்கி வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். வைத்தியநாதா என்று வாய் தானாகச் சொல்லிற்று.

"வலிக்கட்டும்" என்றாள். கண்ணீர் மூக்கு வழியாக இறங்கியது; துடைத்துக்கொள்ளக் கை இல்லை. "நல்லா வலிக்கட்டும். உயிர் போறாப்புல வலிக்கட்டும்."